பேட்டரிக்கு ஒட்டிய பொட்டு

காது போன அன்று காலையில் நான் செய்த முதல் காரியம், பதினொரு பேருக்கு நன்றாகக் காது கேட்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான்.

செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் புதிது புதிதாக வீடு முளைக்கிற தெருக்களில் ஒன்றில் இருக்கிற முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. மேற்பார்வையாளர் என்று பெயர். தண்ணீர் மோட்டார் போடுவது, மருந்துக் கடைக்கு ஓடுவது, பாத்ரூம் தாழ்ப்பாள் திருகுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் மேற்பார்வையில் சேர்த்தி. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையின் ஆட்கள் வந்து, காது மந்தமான பதினொரு பேருக்கும் மிஷின் மாட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது என் கையில் ஒரு நீள நோட்டைத் திணித்தார்கள். பெயர், எந்தக் காது, இன்று எத்தனை மணி நேரம் போட்டிருந்தார், பேட்டரி எப்போது மாற்றியது, குறிப்பு. மாதக் கடைசியில் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. பதினொரு பேருக்கும் தினமும் பன்னிரண்டு மணி நேரம். குறிப்பு: நலம். இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் காலை ஆறு மணிக்கே எழுதி முடித்துவிடுவேன் என்பதுதான் என் சுறுசுறுப்புக்கு அடையாளம்.

பொய்யாக எழுதுகிறோம் என்ற நினைப்பு எனக்குச் சத்தியமாக இல்லை. அத்தாட்சி இருந்தது. எட்டு மணிக்கு டீ வரும்போது கூடத்தின் நடுவில் நின்று நான் செய்தி வாசிப்பேன். வானொலிக்காரர் குரலில், மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு. "நேற்றைய சாம்பாரில் ஒரு துவரம்பருப்பு கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்." பதினொரு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். சரோஜா அம்மாள் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். இங்கேயும் சமையலறைக்குப் போய்ப் புளி கரைக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. சிரிக்கிறவர்களுக்குக் காது கேட்கிறது என்றுதானே அர்த்தம்?

அன்று காலை அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இடது காதுக்குள் யாரோ ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. கூடவே ஓர் இரைச்சல். மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துப் போய் நிறுத்தினேன். இரைச்சல் நிற்கவில்லை. மறுபடி போய் நிறுத்தினேன். அதாவது, நிறுத்தி வைத்திருந்ததைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். தொட்டி நிரம்பி, மாடியில் காய்ந்த வேட்டிகள் மறுபடி நனைந்த பிறகுதான் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். மோட்டார் என் தலைக்குள் ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்கு ஒழுங்காக இருந்தது அந்த இடது காது ஒன்றுதான். வலது காது ஏழு வயதில், முசரவாக்கத்துக் குட்டையில் முங்கி விளையாடியதில் சீழ் பிடித்துப் போய், அன்றிலிருந்து அரைக் கூலிக்கு வேலை செய்கிற காது. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் கேட்கும். ஐம்பத்திரண்டு வருடம் இடது காதை நம்பித்தான் குடும்பம் நடத்தினேன். ஆகவே பயம் வந்தது. பயம் வந்தால் நான் டாக்டரிடம் போகிற ஜாதி இல்லை; கைவைத்தியம் பார்க்கிற ஜாதி. பூண்டு தட்டிப் போட்ட நல்லெண்ணெய் ஊற்றினேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். ஒற்றைக் காலில் தலையைச் சாய்த்துக் குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. காது அப்படியே இருந்தது. இப்படி மூன்று நாள் போயிற்று.

வீட்டில் ஜெயாவிடம் மறைத்தேன். அவள் புடவைக்குக் குச்சு கட்டுகிறவள். பட்டு முந்தானையின் ஓரத்து இழைகளைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, என் முதுகுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் பார்த்துவிடுகிற கண் அவளுக்கு. மூன்றாம் நாள் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது தோளைப் பிடித்துத் திருப்பினாள். வலது காதில் வாயை வைத்துச் சொன்னாள்:

"உனக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெக்கப் போறேன்னு நாலு வாட்டி சொன்னேன்யா. அதுக்கே திரும்பலன்னா காது போச்சுன்னுதான அர்த்தம்? கெளம்பு."

டவுனில் காது மூக்கு தொண்டைக்கென்று இருக்கிற ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு வேடிக்கை. காது கேட்காதவர்கள் முப்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். யாரும் அசையவில்லை. துணைக்கு வந்தவர்கள்தான் தத்தம் ஆளின் விலாவில் இடிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், ஜெயா என்னை இடிக்கிற வரைக்கும்.

டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். கவைபோல இருக்கிற ஓர் இரும்பைத் தட்டி என் நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று சைகையில் கேட்டார். வலது பக்கம் என்றேன். அவர் முகம் மாறியது. எத்தனை நாளாச்சு என்றார். இன்று காலையில்தான் என்றேன். ஜெயா மூன்று விரலைக் காட்டினாள்.

அவர் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார். அழுக்கும் இல்லை, அடைப்பும் இல்லை. உள்காதிலிருந்து மூளைக்குச் சத்தம் கொண்டுபோகிற நரம்புப் பகுதி திடீரென்று வேலையை நிறுத்திவிட்டது. ஏன் என்று பல பேருக்குத் தெரிவதில்லை. சீக்கிரம் மருந்து கொடுத்தால் சிலருக்கு முழுதாகத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்பாது. கடைசியாக ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டார்: முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அந்த ஒரு வரிதான். காது திடீரென்று அடைத்துக்கொண்டால் பூண்டைக் குழம்பில் போடுங்கள். நீங்கள் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அடுத்து பரிசோதனை. பீரோவை விடக் கொஞ்சம் பெரிய, சத்தம் நுழையாத ஓர் அறை. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது பரிசோதகர் உட்கார்ந்து சின்னச் சின்னச் சத்தமாக அனுப்புவார். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஹேமா என்று ஒரு பெண். என் மகள் இருந்தால் அந்த வயதுதான் இருப்பாள்.

வலது காது முடிந்தது. இடது காது தொடங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி வழியே அந்தப் பெண்ணின் கை அசைவதைப் பார்த்தேன். கை அசைந்தால் சத்தம் அனுப்புகிறாள் என்று அர்த்தம். எனக்குள் இருந்த பதிவேட்டுக்காரன் விழித்துக்கொண்டான். கை அசைந்ததும் அழுத்தினேன். அசைந்தது, அழுத்தினேன். இரண்டு தடவை தலையைச் சாய்த்து, உற்றுக் கேட்பதுபோல் நடிப்பும் சேர்த்தேன். பாஸ் பண்ணிவிட்டால் காது வந்துவிடும் என்று அந்த நேரத்தில் நான் உண்மையாகவே நம்பினேன். பயந்தவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

ஹேமா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஹெட்போனைக் கழற்றி, வலது காதருகே குனிந்தாள்.

"சார், நல்லா அழுத்தறீங்க. ஆனா கடைசி அஞ்சு நிமிஷமா நான் சத்தமே குடுக்கல. பேனாவுக்கு மூடி போட்டுக்கினு இருந்தேன்."

நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை பட்டனை நான் அழுத்தியது இரண்டே தடவை. வெளியே வந்ததும் படத்தைக் காட்டினாள். கேட்கிற காதின் கோடு தாளின் மேற்பக்கம் ஓடுமாம். என் இடது காதின் கோடு ஓட்டலில் பில் கொடுக்கும்போது என் தலை தாழ்கிற மாதிரி கீழே போய்ப் படுத்திருந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில். அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் வேளைக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று. ஸ்கேன் மிஷின் பயங்கரமாகச் சத்தம் போடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பயமுறுத்தியிருந்தார். எனக்கு அது நாலு தெரு தள்ளி யாரோ தறி நெய்கிற மாதிரி இருந்தது. செவிடனாக இருப்பதில் அந்த அரை மணி நேரம் ஒன்றுதான் லாபம். கட்டி இல்லை என்று வந்தது. ஜெயா அந்தத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

பிறகு ஊசி. காதுக்குள்ளே, சவ்வைத் தாண்டி மருந்து விடுவார்கள். முதலில் மரத்துப்போக மருந்து தடவிவிடுகிறார்கள் என்றாலும், காதுக்குள் ஊசி என்ற சொல்லே போதும். டாக்டர் கையுறை மாட்டும்போதே "ஆ" என்றேன். "இன்னும் தொடவே இல்ல சார்" என்றார் என்று ஜெயா பிற்பாடு சொன்னாள். போட்டு முடித்ததும் அரை மணி நேரம் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது. பேசவே கூடாது. ஜெயா படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவையை மடியில் விரித்து, நிம்மதியாகக் குச்சு கட்டினாள். முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம். என் வாய் அரை மணி நேரம் சும்மா இருந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஆனால் அவ்வப்போது கையை நீட்டி என் தலையைத் தடவிவிட்டாள். பட்டு நூல் ஒட்டிய விரல் சொரசொரவென்று இருந்தது. நான் அழுதேன். கண்ணீர் கீழ்ப்பக்கம் இருந்த வலது காதுக்குள் போயிற்று. அந்தக் காதும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து அழுகையை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் ஒரு சம்பவம். நர்ஸ் வந்தார். முகத்தில் லேசான சிரிப்போடு என்னிடம் எதையோ சொன்னார். திரும்பக் கேட்டுக் கேட்டு இரண்டு நாளாக எனக்கே வெட்கமாகிவிட்டிருந்தது. ஆகவே அவர் முகத்தைப் பார்த்து, இது சிரிக்கிற இடம் என்று முடிவு செய்து, பலமாகச் சிரித்தேன். நர்ஸ் திகைத்துப் போய் ஜெயாவைப் பார்த்தார். ஜெயா என் காதில் கத்தினாள்:

"சுகரு முந்நூத்தி எழுவதாம்! இன்சுலின் போடணுமாம்! இன்னாத்துக்கு இளிக்கிற?"

வார்டே சிரித்தது. நானும் கூடவே சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காது கேட்காத ஒருவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. எதிராளி முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அவர் மனம் நோகக் கூடாது என்று சிரிப்பான். கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பான்.

எட்டு மணி டீயும் என் செய்தியும் அந்தப் பதினொரு முகமும் ஞாபகத்துக்கு வந்தன. போகட்டும், சுகர் அதிகமாகிவிட்டது, அதனால்தான் கண்டதும் தோன்றுகிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் மறுபடி பரிசோதனை. கோடு ஒரு நூலளவு ஏறியிருந்தது. டாக்டர் பார்ப்போம் என்றார். மாதக் கடைசி என்பதால் ஜெயா இல்லத்திலிருந்து பதிவேட்டை வாங்கி வந்திருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து, நான் இல்லாத நாட்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று நிரப்பிக்கொண்டிருந்தேன். ஹேமா அந்தப் பக்கம் வந்தவள் நின்று எட்டிப் பார்த்தாள். என்ன நோட்டு என்று கேட்டாள். பெருமையாகக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினாள். புருவம் உயர்ந்தது.

"சார், இந்த மிஷினு எந்தக் கம்பெனி? எனக்கும் ரெண்டு வேணும்."

"ஏம்மா?"

"பேட்டரி ஒரு தபா மாத்தினா மூணு மாசம் வந்துருக்குது. தினமும் பன்னெண்டு மணி நேரம் போட்டா பத்து நாள், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம்தான் சார் வரணும்."

"எங்க ஆளுங்க பதவிசா வெச்சிக்குவாங்கம்மா."

அவள் பரிசோதனை அறைக் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரே வாரத்தில் ஒரே பெண்ணிடம் இரண்டு தடவை பிடிபட்டேன்.

அன்று மதியம் இல்லத்திலிருந்து இரண்டு பேர் ஆட்டோ பிடித்து என்னைப் பார்க்க வந்தார்கள். சரோஜா அம்மாளும் ஜமால் பாயும். பாய் ராஜாஜி மார்க்கெட் பக்கம் ஜரிகைக் கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு, மகன்களோடு ஒத்துப்போகாமல், தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்கு வந்தவர். சரோஜா அம்மாள் கையில் ஒரு தூக்கு. உள்ளே சாம்பார் சாதம். மூடியைத் திறக்காமலே தெரிந்தது, பெருங்காய வாசனையில்.

சரோஜா அம்மாள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினார். பர்ஸைத் திறந்து ஒரு சின்னத் தாள் மடிப்பை எடுத்தார். அதற்குள் உளுத்தம்பருப்பு அளவுக்கு ஒரு பேட்டரி. பேட்டரியின் நடுவில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் பொட்டை உரித்தார். பொட்டை வீணாக்காமல் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டார். மிஷினைத் திறந்து பேட்டரியைப் போட்டு, காதில் மாட்டி, அது கீச்சென்று கத்தி அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, என் வலது காதருகே வந்தார்.

"இப்ப சொல்லு தாசு. டாக்டரு இன்னா சொன்னாரு?"

நான் அவர் மணிக்கட்டைக் காட்டிக் கேட்டேன்.

"இது இன்னா சரோஜாம்மா, பொட்டு?"

"பேட்டரி வர்ற அப்பவே ஒரு ஸ்டிக்கரு ஒட்டிக்கினுதான வருது? அத்த உரிச்சா தீர ஆரம்பிக்குது. அதான் வேல முடிஞ்சதும் பொட்டு வெச்சு மூடிடறது. எல்லாரும் அப்டித்தான். பாய்க்கும் நான்தான் பொட்டு குடுக்கறேன்."

ஜமால் பாய் வெட்கத்தோடு சட்டைப் பையிலிருந்து தன் தாள் மடிப்பை எடுத்துக் காட்டினார். உள்ளே உரித்து வைத்த பொட்டு, பச்சை நிறம்.

"நான் வெள்ளிக்கெழம மட்டும்தான் போடுவேன் பா. பள்ளிவாசல்ல பயான் கேக்கறதுக்கு. அதுவும் பாதிப் பேச்சுல நின்னு பேஜாராப் பூடுது. இன்னிக்குச் செவ்வாய்தான். ஒனக்கோசரம் போட்டுக்கினு வந்தேன்."

"ஏன் இப்படி மிச்சம் பிடிக்கிறீங்க? யாரு சொன்னா?"

சரோஜா அம்மாள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீதானப்பா சொன்ன. மிஷினு மாட்டுன அன்னிக்கு. ஒவ்வொரு பேட்டரியும் ஒரு பட்டுப்புடவ வெல, பாத்து செலவு பண்ணுங்க, தீந்துச்சுன்னா எம் பொண்டாட்டி புடவய வித்துதான் வாங்கணும்னு. ஜெயா பொடவைய விக்க வெச்சு நாங்க கேக்கணுமா?"

ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் மிஷின் மாட்டி, விசையைத் திருப்பி, கேட்கிறதா கேட்கிறதா என்று அறக்கட்டளைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பல வருடம் கழித்து அவர்கள் காதில் தெளிவாக விழுந்த முதல் பேச்சு. சும்மா இருக்க முடியாமல் நான் ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நம்பியிருக்கிறார்கள். என் பீரோவில் அட்டை பிரிக்காத பேட்டரி ஒரு டப்பா நிறைய இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதானே கேட்கிறார்கள், நல்ல மிஷின் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெயா மடியிலிருந்த புடவையைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்கிட்ட ஏதுமா பட்டுப்பொடவ? இதுவே ஊரான் வீட்டுது. இவுரு பேச்ச நானே நம்பறதில்ல, நீங்க போயி நம்புனீங்களே."

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"அப்ப நான் காலைல வாசிக்கிற செய்தி?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் ஜன்னல் பக்கம் திரும்பினார். சரோஜா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பேசறப்ப மூஞ்சி நல்லா இருக்குது பா. அத்தப் பாத்தாலே சிரிப்பு வந்துரும்."

ஹேமாவை நானே கூப்பிட்டுச் சொன்னேன், எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை. இந்த வகைப் பேட்டரி காற்றைக் குடித்து வேலை செய்வது. ஒரு முறை ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே காற்று புகுந்துவிடும், பிறகு பொட்டு வைத்தாலும் உள்ளுக்குள் வீணாகிக்கொண்டேதான் இருக்கும் என்று விளக்கினாள். மிச்சம் பிடித்ததில் மிச்சமாகவே இல்லை. பாயின் வெள்ளிக்கிழமைப் பேச்சு பாதியில் நின்றதும் அதனால்தான்.

ஏழாம் நாள் கடைசிப் பரிசோதனை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கேட்காமல் அழுத்துவதில்லை என்று தீர்மானம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. செவிட்டுக் காது என்றால் செவிட்டுக் காது, எழுதிக்கொள்ளட்டும் என்று கண்ணை மூடினேன். அப்போது வெகு தூரத்தில், இரைச்சலுக்கு அந்தப் பக்கம், தூங்குகிற வீட்டில் யாரோ டம்ளரை மெதுவாக வைத்ததுபோல ஒன்று. இது நிஜமா, என் ஆசையா? காத்திருந்தேன். மறுபடி வந்தது. அழுத்தினேன். மறுபடி. அழுத்தினேன். கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லாமல் என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பதிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

கோடு பாதி ஏறியிருந்தது. தடித்த குரல்கள் திரும்பிவிட்டன. மெல்லிய சத்தங்கள், பறவை, கொலுசு, போன் மணி, அவை திரும்பவில்லை. இனித் திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். ஆகவே இடது காதுக்கு ஒரு மிஷின். ஹேமா மாட்டிவிட்டாள். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து என் உள்ளங்கையில் வைத்து, "இத்தக் குப்பைல போட்டுருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

இல்லத்துக்குத் திரும்பிய காலை நான் முதலில் பீரோவைத் திறந்தேன். பேட்டரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனேன். பழைய பேட்டரிகளை வாங்கிக்கொண்டேன். சிவப்பு, மெரூன், பச்சை, ஒருவருடையதில் கல் வைத்த பொட்டுகூட. இது ஓசி, தினமும் போடலாம், தீர்ந்தால் என்னிடம் கேளுங்கள் என்று ஒவ்வொரு காதாகச் சொன்னேன். இந்தத் தடவை வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு டீ வந்தது. பதினொரு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். எல்லோர் காதிலும் மிஷின், எல்லா மிஷினும் உயிரோடு. கூடத்தில் நின்று பேச எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை. மூக்கை அடைத்துக்கொண்டு, பழையதையே எடுத்துவிட்டேன்.

"செவிலிமேடு செய்திகள். நேற்றைய சாம்பாரில் ஒரு துவரம்பருப்பு கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்."

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது.

ஜமால் பாய்தான் முதலில் வாய் திறந்தார். "இதுக்கா பா நாம ஒன்ற வருஷமா சிரிச்சோம்?"

சரோஜா அம்மாள் டீ டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்து நின்றார்.

"டேய் தாசு. தினமும் எஞ் சாம்பாரையாடா சொல்லிக்கினு இருந்த?"

"இல்ல சரோஜாம்மா, அது வந்து..."

"நான் வேற மொத ஆளா சிரிச்சுக்கினு இருந்தேன்! முந்நூறு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்ட கைடா இது. பருப்பு இல்லியா? ஆஸ்பத்திரில தூக்கு காலியாற வரைக்கும் துன்னியே, அப்ப தெரியலியா?"

அப்போதுதான் சிரிப்பு வந்தது. முன்பு மாதிரி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இல்லை. ஒரு மூலையில் ஒருவர் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தார். பாய் டீ புரையேறி இருமினார். சரோஜா அம்மாள் நிறுத்தவில்லை. சமையலறைக்குப் போகிற வழியெல்லாம், போய்ப் புளியை ஊற வைக்கிற வரைக்கும், உள்ளிருந்தும் திட்டிக்கொண்டே இருந்தார். என் கை இடது காது மிஷினின் விசைக்குப் போயிற்று. ஒரு திருப்பு திருப்பினால் நின்றுவிடும். கையை எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல் முழுவதும் கேட்டேன், இடது காதில்.

அன்று பதிவேட்டைக் காலை ஆறு மணிக்கு எழுதவில்லை. சாயங்காலம், ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டு எழுதினேன். யாருக்கும் பன்னிரண்டு மணி நேரம் வரவில்லை, பழக நாளாகும். கடைசி வரிகள் இப்படி இருந்தன:

சரோஜா, வலது காது, நான்கு மணி நேரம். குறிப்பு: பெரும்பகுதி திட்டுவதற்கு.

அருள்தாஸ், இடது காது, நான்கு மணி நேரம். குறிப்பு: பெரும்பகுதி திட்டு வாங்குவதற்கு. நலம்.